டேக் ஆஃப் ஆன சில நொடிகளில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? பைலட்கள் ரன்வேக்குத் திரும்ப ஏன் யோசிக்கிறார்கள்?

2015 மார்ச் 5. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டியுள்ள சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து ஒரு பழைய குட்டி விமானம் கிளம்பியது. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. ஓட்டியவர் 'ஸ்டார் வார்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ்' படங்களின் ஹீரோ ஹாரிசன் ஃபோர்டு. அப்போது அவருக்கு 72 வயது. உடன் யாரும் இல்லை.

தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் சக்தி இழந்தது. கட்டுப்பாட்டு கோபுரத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, விமானத்தை இடது பக்கம் திருப்பி ரன்வேக்கே வந்துவிடப் பார்த்தார் ஃபோர்டு. ஆனால் விமானம் கீழே இறங்கும் வேகத்தைப் பார்த்ததுமே, ரன்வே வரை போய்ச் சேராது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் வீடுகள். பக்கத்தில் இருந்த ஒரே காலி இடம் பென்மார் கோல்ஃப் மைதானம். அங்கே இறக்க முடிவு செய்தார். இறங்கும்போது ஓர் உயரமான மரத்தின் உச்சியில் உரசி, விமானம் புல்தரையில் மோதியது. கோல்ஃப் ஆட வந்திருந்த ஒரு மருத்துவர் ஓடிவந்து முதலுதவி செய்தார். இடுப்பிலும் கணுக்காலிலும் எலும்பு முறிவு. ஆனால் உயிர் தப்பினார். தரையில் இருந்த யாருக்கும் காயம் இல்லை.

ஹாலிவுட் ஹீரோ என்பதால் உலகம் முழுக்க செய்தியானது. ஆனால் விமானப் பயிற்சி எடுக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாட்களிலேயே சொல்லிக்கொடுக்கப்படும் ஆபத்துதான் இது. டேக் ஆஃப் ஆன உடனே, ஒற்றை இன்ஜின் கொண்ட சின்ன விமானத்தில், அந்த ஒரே இன்ஜினும் கைவிட்டால் என்ன செய்வது?

17 வருஷமா யாரும் பார்க்காத ஒரு சின்ன பாகம்

ஃபோர்டு ஓட்டியது ரயன் நிறுவனம் தயாரித்த பி.டி-22 ரக விமானம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க ராணுவம் புது பைலட்களைத் தயார் செய்யப் பயன்படுத்திய பயிற்சி விமானம் இது. பழசு என்பதால் இன்ஜின் தேய்ந்துபோய் நின்றிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது கிடைத்தது வேறு விஷயம்.

கார்புரேட்டருக்குள் 'மெயின் ஜெட்' என்று ஒரு பாகம் உண்டு. பழைய பைக் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை அளந்து விடும் சின்ன துளை கொண்ட திருகு மாதிரியான பாகம் அது. ஃபோர்டின் விமானத்தில் இந்த ஜெட் தன் இடத்திலிருந்து கழன்று, 90 டிகிரி திரும்பிக் கிடந்தது. அளவுக்கு மேல் பெட்ரோல் உள்ளே பாய்ந்திருக்கிறது. பைக்கில் 'ஓவர் ஃப்ளோ' ஆனால் வண்டி இருமி இருமி அணைந்துபோகும் இல்லையா, கிட்டத்தட்ட அதே கதைதான். காற்றுக்கு ஏற்ற அளவை விட பெட்ரோல் மிக அதிகமாகி, இன்ஜின் சக்தியை இழந்துவிட்டது.

விபத்துக்குச் சுமார் 17 ஆண்டுகளுக்கு முன் விமானத்தைப் புதுப்பித்தபோது அந்த கார்புரேட்டரும் பிரித்து சரிசெய்யப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஜெட்டை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று பராமரிப்புக் கையேட்டில் எதுவும் சொல்லப்படவில்லை. காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒருநாள் கழன்றிருக்கிறது. கிளம்பும் முன் ஒரு பைலட் எவ்வளவு கவனமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் இது கண்ணில் படாது. எல்லா சோதனையும் முடித்துவிட்டுக் கிளம்பினாலும், 'இன்ஜின் நிற்கலாம்' என்ற எண்ணத்தோடுதான் டேக் ஆஃப் செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டேக் ஆஃப் நேரம் மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து?

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி கீழே விழும் என்பது பலருடைய நினைப்பு. அது உண்மை இல்லை. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் அல்ல, இறக்கைகளின் மேலும் கீழும் ஓடும் காற்று. அந்தக் காற்று ஓட வேகம் வேண்டும். சமமாகப் பறக்கும்போது வேகத்தை இன்ஜின் கொடுக்கிறது. இன்ஜின் இல்லாவிட்டால், உயரத்தைச் செலவு செய்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளலாம். மலைப்பாதையில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்கும் வண்டி மாதிரி.

உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. இந்தியாவில் உள்ள பல விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் மாணவர்கள் ஓட்டிப் பழகுவது இதையோ, இதன் தம்பியான செஸ்னா 152-ஐயோதான். இன்ஜின் இல்லாமல் ஒரு செஸ்னா 172, 1,000 அடி உயரத்தைச் செலவு செய்து சுமார் 2.8 கிலோமீட்டர் தூரம் மிதந்து போகும். அப்படியானால் 5,000 அடியில் இன்ஜின் நின்றால் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் போகலாம். கையில் ஆறு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். வயல் பார்க்கலாம், ரேடியோவில் பேசலாம், இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

அதுவே 300 அடியில் நின்றால்? சுமார் 25 நொடிகள். அவ்வளவுதான்.

இதில் முதல் நான்கைந்து நொடிதான் உண்மையில் உயிர் காப்பதும் எடுப்பதும். டேக் ஆஃப் ஆகி மேலே ஏறும்போது விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். வேகமும் குறைவுதான். செஸ்னா 172எஸ் ரகம் மேலே ஏறுவது சுமார் 74 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 137 கிலோமீட்டர். அந்த நிலையில் இன்ஜின் நின்றால், மேட்டில் ஏறும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தியது போல வேகம் சரசரவென்று குறையும். மூக்கை உடனே கீழே இறக்காவிட்டால், இறக்கையைத் தாங்க வேண்டிய காற்றோட்டம் அறுந்துபோகும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது என்று சிலர் குழப்பிக்கொள்வார்கள். இது இறக்கை தன் வேலையை நிறுத்துவது. இன்ஜின் நின்றால் மிதக்கலாம், இறக்கை கைவிட்டால் மிதக்க வழியே இல்லை.

அதனால் முதல் வேலை, கன்ட்ரோலை முன்னால் தள்ளி மூக்கை இறக்குவது. கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் தரை வெறும் 300 அடி கீழே இருக்கும்போது, தரையை நோக்கியே விமானத்தைத் திருப்புவது மனித இயல்புக்கு நேர் எதிரானது. கை தானாகவே பின்னால் இழுக்கத்தான் பார்க்கும். அதிர்ச்சியில் உறைந்து, 'என்னடா ஆச்சு' என்று இன்ஜின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவதும் நடக்கும். பயிற்சியாளர்கள் எதிர்பாராத நேரத்தில் த்ராட்டிலைக் குறைத்துவிட்டு மாணவரின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதெல்லாம் இந்த இயல்பை உடைக்கத்தான்.

யூ-டர்ன் போட்டு வந்துட வேண்டியதுதானே?

நியாயமான கேள்வி. இப்போதுதான் கிளம்பினோம், ரன்வே பின்னாலேயே இருக்கிறது, திரும்பினால் இறங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே யோசனையில் திரும்பப் போய் உயிரை விட்ட பைலட்கள் ஏராளம். விமானிகள் வட்டாரத்தில் இதற்கு 'முடியாத திருப்பம்' என்றே பெயர்.

ஏன் முடியாது என்பதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் பயிற்சிக் கையேட்டில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறது. விமானம் 300 அடியில் இருக்கும்போது இன்ஜின் நிற்கிறது. என்ன நடந்தது என்று புரிய 4 நொடி. பிறகு நொடிக்கு 3 டிகிரி என்ற வழக்கமான, நிதானமான வேகத்தில் பைலட் திருப்புகிறார். 180 டிகிரி திரும்பவே ஒரு நிமிஷம் ஆகிவிடும். அப்படித் திரும்பி முடித்தாலும் விமானம் ரன்வேக்கு நேராக இருக்காது. 65 நாட் வேகத்தில் அந்த வட்டத்தின் ஆரம் 2,100 அடி. அதாவது ரன்வேயிலிருந்து 4,200 அடி, கிட்டத்தட்ட 1.3 கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். ரன்வே பக்கம் மூக்கைத் திருப்ப இன்னும் 45 டிகிரி வேண்டும். ஆக மொத்தம் 225 டிகிரி, 79 நொடி. நிமிஷத்துக்கு 1,000 அடி இறங்குகிறது என்று வைத்தால், இதற்குள் 1,316 அடி இழந்திருக்க வேண்டும். இருந்ததே 300 அடிதான். கணக்குப்படி விமானம் தரைக்கு 1,016 அடி கீழே இருக்கும்!

நிதானமாகத் திரும்பினால்தானே இவ்வளவு நேரம், சட்டென்று சாய்த்துத் திருப்பினால்? நேரம் மிச்சமாகும்தான். 45 டிகிரி சாய்த்தால் அதே 225 டிகிரியை சுமார் 15 நொடியில் திரும்பிவிடலாம். ஆனால் அதற்கு வேறொரு விலை இருக்கிறது. சாய்ந்து, உயரத்தை விடாமல் இழுத்துத் திரும்பும்போது இறக்கை சுமக்கும் எடை கூடுகிறது; எடை கூடக் கூட ஸ்டால் ஆகும் வேகமும் ஏறுகிறது. நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், 45 டிகிரி சாய்வில் 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்த்தால் 71 நாட். மிதந்து இறங்குவதற்கு உகந்த வேகமே 68 நாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு மெல்லிய கோட்டில் நடக்கிறார்கள் என்பது தெரியும்.

காற்றும் சதி செய்யும். விமானங்கள் பொதுவாக எதிர்க்காற்றில்தான் டேக் ஆஃப் ஆகும். திரும்பிவிட்டால் அதே காற்று முதுகில் அடித்துத் தள்ளும். கீழே வீடுகளும் மரங்களும் வழக்கத்தை விட வேகமாக ஓடுவது போலத் தெரியும். 'ரொம்ப வேகமா போறோம் போல' என்று நினைத்து பைலட் மூக்கைத் தூக்குவார். உண்மையில் காற்றைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ரன்வேயை எட்ட இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும், ஆனால் தரைக்குப் பக்கத்தில் இதற்கு மேல் சாய்க்கப் பயம். அதனால் காலில் உள்ள ரடர் பெடலை மட்டும் அழுத்தித் திருப்பப் பார்ப்பார். அந்த நேரத்தில் ஸ்டால் ஆனால் இரண்டு இறக்கையும் ஒன்றாகக் கைவிடாது. ஒரு பக்க இறக்கை மட்டும் முதலில் சரியும், விமானம் பம்பரம் மாதிரி சுழலும். ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இருந்தால் அதிலிருந்து மீளலாம். 200 அடியில் மீள வழியே இல்லை.

அப்போ திரும்பவே கூடாதா?

இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கும். எந்தச் சூழலிலும் திரும்பாதே என்பது பல தலைமுறையாகச் சொல்லப்பட்ட பாடம். ஆனால் 2018-ல் பயிற்சியாளர்களுக்கான ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்றில், எப்போது, எப்படி பாதுகாப்பாகத் திரும்பலாம் என்பதை மாணவர்களுக்குச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ.வே சொன்னது. பாடத்தை மாற்றிவிட்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. ஏதோ ஓர் உயரத்துக்கு மேல் திரும்புவதுதான் புத்திசாலித்தனம், அதற்குக் கீழே திரும்புவது தற்கொலை. அந்த உயரம் எது என்பதை ஊகமாக இல்லாமல் பழகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் விஷயம்.

பழகுவது எப்படி? பயிற்சியாளரோடு 3,000, 4,000 அடிக்கு மேலே போய், அங்கே ஓர் உயரத்தைத் தரை என்று வைத்துக்கொள்வார்கள். டேக் ஆஃப் மாதிரியே ஏறி, த்ராட்டிலை மூடி, நான்கைந்து நொடி வேண்டுமென்றே சும்மா இருந்துவிட்டுத் திருப்புவார்கள். எத்தனை அடி இழந்தோம் என்று பார்த்து, அதன் மேல் தாராளமாக இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அந்த விமானத்துக்கும் அந்த பைலட்டுக்குமான எல்லை கிடைக்கும். விமானத்தின் எடை, வெயில், காற்று, ரன்வே நீளம் எல்லாம் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

சும்மா இருக்கும் அந்த நான்கைந்து நொடிதான் இதில் முக்கியம். 2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த பயணிகள் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினாரே கேப்டன் சல்லன்பெர்கர், அந்த விசாரணையிலும் இதே கேள்வி எழுந்தது. கிளம்பிய லகார்டியா விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமே என்று சிமுலேட்டரில் பரிசோதித்தார்கள். பறவை மோதிய உடனே திரும்பிய பைலட்களில் சிலர் ரன்வேயை எட்டினார்கள். நிலைமை புரிந்து முடிவெடுக்க ஆகும் 35 நொடியைச் சேர்த்துப் பார்த்தபோது முடியவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிமுலேட்டரில் உட்காருவதும், நிஜத்தில் இடி விழுந்தது போல எதிர்கொள்வதும் ஒன்றில்லை.

முழுசா நிற்பதை விட மோசம், பாதி நிற்பது

இன்ஜின் 'நின்றது' என்று சொன்னாலும், நிஜத்தில் பெரும்பாலும் அது ஒரேயடியாக நிற்பதில்லை. தடதடவென்று அதிரும், சக்தி பாதியாகும், கொஞ்சம் வரும், கொஞ்சம் போகும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை தன்னிடம் பதிவான ஒற்றை இன்ஜின் விமானச் சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. டேக் ஆஃப்புக்குப் பிறகு இன்ஜின் முழுசாக நின்ற சம்பவங்கள் 75. சக்தி ஓரளவு மட்டும் குறைந்தவை 242. மூன்று மடங்குக்கும் அதிகம்.

அதிர்ச்சி தருவது அடுத்த எண். முழுசாக நின்ற 75-ல் ஒன்றில்கூட உயிரிழப்பு இல்லை. பாதி ஓடிக்கொண்டிருந்த 242-ல் ஒன்பதில் உயிர்கள் போயின.

முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். கொஞ்சமாவது சக்தி இருப்பது நல்லதுதானே? யோசித்தால் காரணம் விளங்கும். இன்ஜின் முற்றிலும் நின்றால் பைலட்டுக்கு ஒரே ஒரு வழிதான். மூக்கை இறக்கு, முன்னால் இருக்கும் இடத்தில் இறங்கு. அதற்குத்தான் பயிற்சியும் எடுத்திருக்கிறார். பாதி ஓடும் இன்ஜின் ஆசை காட்டும். 'எப்படியாவது ஒரு சுற்று சுற்றி ரன்வேக்கு வந்துடலாம், விமானத்தையும் காப்பாத்திடலாம்' என்ற நம்பிக்கையைக் கொடுக்கும். உயரம் விடாமல் பிடிக்க மூக்கைத் தூக்கியபடியே திரும்புவார். வேகம் ஒவ்வொரு நாட்டாகக் குறையும். நடுவழியில் இன்ஜின் மிச்ச சக்தியையும் விடும். அப்போது கையில் உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது.

அதனால் ஆஸ்திரேலிய அமைப்பு சொன்ன யோசனை, இந்த முடிவைத் தரையிலேயே எடுத்துவிடுங்கள் என்பது. பாதி சக்தி போனால் என்ன செய்வேன் என்பதையும் கிளம்பும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சக்தி குறைந்தபோதே, கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே, பார்த்துவைத்த இடத்தில் இறக்கிவிடுவது பல நேரம் நல்ல முடிவு. விமானம் சேதமாகும் என்ற கவலை, விமானம் யாருடையது, செலவு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த நேரத்தில் மனதில் வரக்கூடாதவை. ஆனால் மாணவ பைலட்டுக்கு அதுதான் முதலில் வரும்.

முன்னாடி வீடும் மரமுமா இருந்தா?

எல்லா ஊரிலும் ரன்வேக்கு எதிரே வயல்வெளி இருக்காது. சான்டா மோனிகா அதற்கு ஓர் உதாரணம். கண்ணாடி வழியாக நேர் எதிரே தெரியும் பகுதியில், இடமும் வலமும் லேசாகத் திருப்பி எட்டக்கூடிய இடங்களில், எது குறைவான ஆபத்து என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். விமானம் முழுசாக மிஞ்ச வேண்டும் என்பதில்லை. உள்ளே இருப்பவர்களின் இடம் நசுங்காமல் இருந்தால் போதும். இறக்கை பிய்ந்துபோகலாம், சக்கரம் உடையலாம். அப்படி உடைவதே மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

இதிலும் எஃப்.ஏ.ஏ. கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. உடல் தாங்கக்கூடிய 9 ஜி அளவில் சீராக வேகம் குறைய, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்துக்கு 3 மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, அதாவது சுமார் 11.5 மீட்டர் வேண்டும். எதிர்க்காற்றில் நேராக இறங்குவதற்கும், திரும்பிவந்து காற்று முதுகில் தள்ள இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும். 60 நாட்டில் தரை தொடும் விமானம், 15 நாட் எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்தவரை 45 நாட்டில் இறங்கும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 75 நாட். மோதலின் சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இறக்கை மட்டமாக, கட்டுப்பாட்டோடு, குறைந்த வேகத்தில் புதருக்குள் நுழைந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். நல்ல ரன்வேக்கு ஆசைப்பட்டுச் சுழன்று விழுந்தவர்கள் பிழைப்பது அபூர்வம்.

நேரம் இருந்தால் தரை தொடும் முன் பெட்ரோலை அடைப்பது, மேக்னெட்டோவையும் மின் இணைப்பையும் அணைப்பது ஆகிய வேலைகளும் உண்டு. எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். கதவின் தாழ்ப்பாளையும் முன்பே திறந்துவிடச் சொல்கிறது செஸ்னா கையேடு. மோதிய பிறகு உடல் நெளிந்து கதவு இறுகிக்கொண்டால் வெளியே வர முடியாது. அதுபோல தோள்பட்டை பெல்ட். ஃபோர்டின் விமானத்தில் அது இருந்தது, ஆனால் சீட்டின் முதுகில் பலப்படுத்தாத இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. மோதலில் பெல்ட் அந்தத் தகட்டையே கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. அவருடைய காயங்கள் கடுமையாக அதுவும் காரணம் என்றது விசாரணை அறிக்கை.

கிளம்பும் முன் என்ன பார்க்கிறார்கள்?

ஜெட் கழல்வது அபூர்வம். அன்றாடம் இன்ஜினைப் படுத்தும் காரணங்கள் இன்னும் சாதாரணமானவை, பல பெட்ரோல் சம்பந்தப்பட்டவை. டேங்கில் எரிபொருளே இல்லாமல் போவது, இருந்தும் வால்வு தவறான பக்கம் திருப்பப்பட்டிருப்பது, தண்ணீர் கலந்திருப்பது. தண்ணீர் பெட்ரோலை விட கனமானது என்பதால் டேங்கின் அடியில் தங்கும். விமானம் மூக்கைத் தூக்கும்போது அது நகர்ந்து குழாய்க்குள் போனால், சரியாக டேக் ஆஃப் நேரத்தில் இன்ஜின் இருமும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் முதல் பயணத்துக்கு முன்பும், பெட்ரோல் நிரப்பிய ஒவ்வொரு முறையும், ஒரு கண்ணாடிக் குப்பியில் அடிப்பகுதி எரிபொருளைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறார்கள். செஸ்னா 172எஸ் ரகத்தில் இப்படி வடித்துப் பார்க்க 13 இடங்கள் இருக்கின்றன. இந்த விமானங்களுக்கான பெட்ரோல் நீல நிறம் கலந்து வரும். அடியில் நிறமில்லாத குமிழி தெரிந்தால் அது தண்ணீர். மாற்றி ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்களா என்பதையும் நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்கும்.

செஸ்னா 152 போல கார்புரேட்டர் உள்ள விமானங்களில் இன்னொரு வில்லன் பனிக்கட்டி. வெளியே 20 டிகிரி வெயில் அடிக்கும்போது கார்புரேட்டருக்குள் பனியா என்று தோன்றும். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரியும்போதும் உள்ளே வெப்பம் சடாரென்று இறங்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அது உறைந்து வழியை அடைக்கும். இதற்காகவே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு கைப்பிடி இருக்கிறது. கிளம்பும் முன் அதை இழுத்து சோதிப்பார்கள்.

ரன்வேக்குள் நுழையும் முன் இன்ஜினை ஓரளவு வேகமாக ஓடவிட்டு, இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதும் கட்டாயம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு தனித்தனி தீப்பொறி அமைப்பு. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். 172எஸ்-ல் 1,800 ஆர்.பி.எம். வைத்து சோதிக்கும்போது, எதை அணைத்தாலும் 150-க்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்குப் பறப்பது கிடையாது, திரும்பிப் போய் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பலரும் அவசரத்தில் விட்டுவிடும் வேலை வருகிறது. ரன்வேயின் தொடக்கத்தில் நின்று, பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய் விட்டுச் சொல்ல வேண்டும். ரன்வேயில் ஓடும்போது சக்தி குறைந்தால் த்ராட்டிலை மூடி பிரேக் போடுவேன். கிளம்பிய பிறகு முன்னால் ரன்வே மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்குவேன். அதற்கு மேல், இத்தனை அடி வரை நேராகவே போய், அந்த மைதானத்தில் இறங்குவேன். இத்தனை அடிக்கு மேல் என்றால் மட்டும் இந்தப் பக்கம் திரும்புவேன். இருபது நொடி ஆகும். அந்த 4 நொடி அதிர்ச்சியைக் குறைக்கக்கூடியது இந்த இருபது நொடிதான். ரன்வேயின் நடுவிலிருந்து கிளம்பாமல் முழு நீளத்தையும் பயன்படுத்தச் சொல்வதும் இதற்காகவே. பின்னால் விட்டுவிட்ட ரன்வே அவசரத்துக்கு உதவாது.

பயணிகள் விமானத்திலும் இப்படித்தானா?

இல்லை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்த பிறகு பலருக்கும் இந்தப் பயம் வந்திருக்கிறது. பெரிய விமானங்களில் குறைந்தது இரண்டு இன்ஜின் இருக்கும். டேக் ஆஃப் ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஒன்று நின்றாலும், மற்றொன்றை வைத்தே மேலே ஏறி, சுற்றிவந்து இறங்கும் திறன் இருந்தால்தான் அந்த விமானத்துக்குச் சான்றிதழே கிடைக்கும். பைலட்கள் சிமுலேட்டரில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சக்தி இழப்பது மிக மிக அரிது. அகமதாபாத்தில் நடந்தது அதுதான். டேக் ஆஃப் ஆன சில நொடிகளில் இரண்டு இன்ஜினுக்கும் எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் 'கட் ஆஃப்' நிலைக்கு மாறியதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறியது. ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதில் ஏறும் 18, 19 வயது மாணவர் முதன்முதலாகத் தனியாகப் பறக்க அனுமதி வாங்கும் முன், எதிர்பாராமல் த்ராட்டில் மூடப்பட்டால் கை தானாக முன்னால் போகிறதா என்பதைத்தான் பயிற்சியாளர் கடைசியாகப் பார்ப்பார்.